கிருமிக் காவலரும் நான்காவது வயிற்றுப்போக்கும்

மனித இனத்தில் கிருமிக் காவலர் என்றொரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், அவர் உங்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று பொருள்.

வீட்டில் குழந்தை தவழத் தொடங்கும் வரை இவர் நம்மைப் போன்ற ஆசாமிதான். கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்து, இப்படி ஓர் ஊது, அப்படி ஓர் ஊது ஊதி வாயில் போட்டுக்கொண்டு வளர்ந்தவர்தான். குழந்தைக்கு முதன்முதலாக வயிறு கலங்குகிறதே, அந்த நாளில்தான் இவர் காவலராக மறுபிறவி எடுக்கிறார். அன்றிலிருந்து இடுப்பில், சாவிக்கொத்து தொங்க வேண்டிய இடத்தில், ஒரு சானிடைசர் குப்பி தொங்கும். யாராவது குழந்தையை நோக்கி இரண்டடி வைத்தால் போதும், குப்பியை உருவிக்கொண்டு குறுக்கே பாய்ந்து ஒரே ஒரு சொல் சொல்வார்.

"கை?"

வாங்க கிடையாது, உட்காருங்க கிடையாது. கை. பெண்ணைக் கொடுத்த மாமனார் பேத்தியைப் பார்க்க ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்தாலும் கை. பால் பாக்கெட் போடுகிறவர், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர், தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர், குழந்தையின் பக்கமே திரும்பாதவர், எல்லோருக்கும் கை. ஆனால் ஒரு நாள் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மேலாளர், காரை விட்டு இறங்கி, வழியெல்லாம் தும்மிக்கொண்டே படியேறி வந்து, தும்மிய அதே கையால் குழந்தையின் இரண்டு கன்னத்தையும் கிள்ளி முத்தம் கொடுத்தபோது குப்பி எங்கே போயிற்று? இடுப்பில்தான் இருந்தது. காவலர்தான் பல்லைக் காட்டிக்கொண்டு, "பாப்பா, சாருக்கு டாட்டா சொல்லு" என்று நின்றார்.

கிருமியும் மேடு பள்ளம் பார்த்து ஓடுகிறது போலும். கீழே இருப்பவர்களிடமிருந்து மேலே ஏறுமே தவிர, மேலே இருப்பவர்களிடமிருந்து கீழே இறங்காது. எந்த நுண்ணோக்கியும் இன்னும் கண்டுபிடிக்காத உண்மை இது. கிருமிக் காவலர் கண்டுபிடித்துவிட்டார்.

இவர்களில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாலுமாடிக் கட்டடம், மூன்றாம் மாடி. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மனைவி நூலகர். ஒன்றரை வயதில் ஒரு மகள். கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துத்தான் உலகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. பகலில் வாண்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருவார். ஐம்பதை நெருங்கியவர், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். நூலகர் அவரை அக்கா என்பார். வாண்டு "க்கா" என்பாள். காவலர் மட்டும் "அந்தம்மா" என்பார். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு நாமும் அக்கா என்போம்.

காவலரின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் யாருக்காவது அடிபட்டால் இவர் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். எண்ணெய் ஒழுகுகிறது என்று மூன்று முறை புகார் செய்யப்பட்ட இயந்திரத்தின் அடியில் ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார் என்று வையுங்கள். இவர் போவார், பார்ப்பார், அளப்பார், படம் பிடிப்பார், எட்டுப் பேரிடம் வாக்குமூலம் வாங்குவார். கடைசியில் 'காரணம்' என்ற கட்டத்தில், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார். பதினோரு ஆண்டுகளில் எழுதிய அறிக்கை எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் அதே இரண்டு சொல்தான் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் 'மிகுந்த' என்று முன்னால் சேர்த்திருக்கிறார்.

வாண்டுக்கு மூன்றே மாதத்தில் மூன்றாம் முறையாக வாந்தியும் பேதியும் வந்து போனபோது, காவலர் வீட்டிலும் ஒரு விசாரணையைத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, நடுவில் வாண்டு என்று எழுதி வட்டம் போட்டு, அவளைத் தொடும் எல்லோருக்கும் அம்புக்குறி போட்டார்.

"என்னங்க, அதுல உங்களையும் போடுங்க" என்றார் நூலகர்.

"நான் ஏன்? நான்தான் விசாரிக்கிறவன்."

"பாப்பாவுக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்களுக்குத்தானே வயிறு சரியில்லைன்னு நாலு தடவை போனீங்க?"

"அது சூடு."

கேட்டுக்கொள்ளுங்கள். இவருக்கு வந்தால் சூடு. வேலைக்கு வருகிறவருக்கு வந்தால் கிருமி. ஒரே குடல், ஒரே கலக்கல், ஒரே ஓட்டம். ஆனால் ஆளுக்கேற்ற பெயர். சூடு வந்தவர் இளநீர் குடித்துவிட்டு அலுவலகம் போகலாம். கிருமி வந்தவர் வேலையை விட்டுப் போக வேண்டும்.

அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி எங்கே வந்து நின்றன என்று நான் சொல்லவும் வேண்டுமா? மறுநாள் காலை அக்கா படியேறி வந்தபோது வாசலில் ஒரு கையுறைப் பெட்டி, ஓர் அங்கி, எத்தனை மணிக்குக் கை துடைத்தார் என்று எழுதிக் கையெழுத்திட ஒரு நோட்டு, எல்லாம் தயாராக இருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் அக்காவுக்கென்று ஒரு டம்ளர் ஒதுங்கியிருந்தது. அடையாளம் தெரிய, காவலர் நூலகரின் நகப்பூச்சை எடுத்து அதன் விளிம்புக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடும் போட்டிருந்தார்.

இதைத் தீட்டு என்று சொல்லிப் பாருங்கள், காவலர் உங்களைச் சும்மா விடமாட்டார். "நான் அதையெல்லாம் நம்புற ஆளில்லை சார்! இது சயின்ஸ்!" என்பார். நம்பத்தான் வேண்டும். நம் பாட்டன்மார் சாத்திரம் படித்துவிட்டு ஒதுக்கி வைத்த டம்ளரை, இவர் சயின்ஸ் படித்துவிட்டு ஒதுக்கி வைக்கிறார். டம்ளர் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது.

அக்கா டம்ளரைப் பார்த்தார். சானிடைசரைக் கையில் ஊற்றியபோதுதான் வாயைத் திறந்தார்.

"சார், இது வழவழன்னு இருக்கு. அழுக்குப் போன மாதிரியே இல்லை. நான் எப்பவும் போல சோப்புப் போட்டே கழுவிக்கிறேனே?"

"சோப்பெல்லாம் அந்தக் காலம்மா. இது தொண்ணூத்தொம்பது புள்ளி ஒன்பது சதவீதம் கொல்லும்."

"மிச்சம் இருக்கிறதை யார் கொல்றது சார்?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

இந்த வகையினர் தமக்குப் பதில் தெரியாத கேள்விக்குச் சொல்லும் பதில் இது. அக்கா புரிந்த முகத்தோடு உள்ளே போய், உறையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார். காவலர் விடுவாரா? அந்த வாரமே கூடத்தின் மூலையில் ஒரு கேமரா ஏறியது. கைகழுவும் தொட்டி, கழிவறைக் கதவு, வாண்டு விளையாடும் பாய், மூன்றும் தெரிகிற கோணத்தில் அவரே நாற்காலி போட்டு ஏறிப் பொருத்தினார். அசைவு தெரிந்தால் தானாகவே பதிவாகிவிடும். அக்கா எப்போதாவது கழுவாமல் குழந்தையைத் தூக்கினால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். பன்னிரண்டு நாள் பதிவில் அப்படி ஒரு நொடியும் சிக்கவில்லை.

நேர்மையான விசாரணை அதிகாரி என்றால் இதை வைத்து என்ன முடிவுக்கு வருவார்? காவலர் வந்த முடிவு: "அந்தம்மாவுக்குக் கேமரா இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. உஷாராயிட்டாங்க."

எனவே அடுத்த நடவடிக்கை. அக்கா இரண்டு வாரம் வரக் கூடாது. அந்த இரண்டு வாரமும் இவரே விடுப்பு எடுத்துக்கொண்டு வாண்டைப் பார்த்துக்கொள்வார். குழந்தை நோய் நொடியில்லாமல் இருக்கும். குற்றம் நிரூபணமாகும்.

"ஆராய்ச்சி பண்றதுன்னா இப்படித்தான் பண்ணணும்" என்றார் மனைவியிடம்.

"அக்கா என்ன எலியா?" என்றார் நூலகர்.

இதோடு விட்டாரா? விட்டிருந்தால் இது ஒரு வீட்டுக் கூத்து, சிரித்துவிட்டுப் போகலாம். காவலர் சமூகப் பொறுப்பு உள்ளவர். கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் அன்று மாலையே எழுதினார்: 'சிறு குழந்தைகள் உள்ள வீட்டினர் கவனத்திற்கு. வேலைக்கு வருபவர்கள் மூலம் வயிற்றுக் கிருமி பரவுவதாக எங்கள் வீட்டில் ஐயம் எழுந்துள்ளது. எச்சரிக்கையாக இருக்கவும்.' பெயர் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? மூன்றாம் மாடிக்கு வேலைக்கு வருகிறவர் ஒரே ஒருவர்தான். நாலு மணிக்கு மேல் அக்கா தரைத்தளத்தில் ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். மறுநாள் அந்த வீட்டுக் கதவு கால்வாசி திறந்தது. "கொஞ்ச நாள் கழிச்சு நாங்களே சொல்றோம்" என்றது இடுக்கு. படிக்கட்டில் எதிரே வந்த பெண்மணி, கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா நேராக மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளிருந்து வாண்டு "க்கா! க்கா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். காவலர் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"சார், வேலை போனா இன்னொரு வேலை தேடிக்குவேன். நோவு பரப்புறவன்னு பேர் வச்சிட்டீங்களே, அந்தப் பேரை நான் எந்த சோப்புப் போட்டுக் கழுவுறது?"

"நான் உங்க பேரையே சொல்லலையேம்மா. ஐயம்னுதானே போட்டேன்."

"ஐயம்னா என்ன சார்?"

"சந்தேகம்."

"உங்களுக்குச் சந்தேகம். எனக்கு ரெண்டு வீட்டுச் சோறு" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். வாண்டு அழுதாள்.

ஆராய்ச்சி தொடங்கியது. காவலர் முதல் நாள் பொம்மைகளை வேகவைத்தார். ஒரு ரப்பர் வாத்து உருகி, வாத்தா தவளையா என்று சொல்ல முடியாதபடி ஆயிற்று. இரண்டாம் நாள் கதவுப் பிடிகளைத் துடைத்தார். வீட்டுக்குள் யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. நூலகர் மாலையில் வந்ததும் குளித்த பிறகே குழந்தையைத் தொட அனுமதி. குப்பி மூன்று நாளைக்கு ஒன்று காலியாயிற்று.

ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது பாட்டில் மூடிகளைப் பார்த்துக்கொள்வது போல் அல்ல. மூடி அழாது. வாண்டு உண்ண மறுத்தாள், உறங்க மறுத்தாள், "க்கா" என்று கதவைக் காட்டினாள். மூன்றாம் நாள் காவலர் கைப்பேசியைக் கொடுத்தார். வாண்டு அதில் ஆடுகிற யானையைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் தின்றாள். கடைவாய்ப் பல் முளைக்கிற நேரம்; ஈறு குறுகுறுக்கும். கைப்பேசியின் மூலையைக் கடைவாயில் வைத்துச் சுகமாகக் கடித்தாள். வீடு அமைதியாயிற்று. அக்கா இதே வேலையை யானை இல்லாமல், பாட்டுப் பாடி, காக்காய் காட்டிச் செய்துகொண்டிருந்தார் என்பது காவலருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான்காம் நாள் காவலருக்குக் கொஞ்சம் சூடு. விடுப்புக்கு முந்தைய நாள் தொழிற்சாலை உணவகத்தில் தின்றதில் தொடங்கியது, நாலைந்து தடவை ஓட்டம். அவர் கழிவறைக்குத் தனியாகப் போகிற வழக்கம் இல்லை. கைப்பேசியும் போகும். செய்தி படிப்பது, அறிக்கை அனுப்புவது, கிருமிகளைப் பற்றி வருகிற தகவல்களை நாற்பது பேருக்குத் தள்ளிவிடுவது, எல்லாம் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான். வெளியே வந்ததும் இடுப்புக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு, கையில் ஒரு தேய். விஞ்ஞான முறைப்படி.

ஐந்தாம் நாள் இரவு வாண்டு வாந்தி எடுத்தாள். விடிவதற்குள் ஏழு முறை பேதி. காலையில் துவண்ட துணி மாதிரித் தோளில் கிடந்தாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. காவலர் அதைப் பார்த்தார். அறிக்கை, அம்புக்குறி, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, எல்லாம் அவரை விட்டு ஓடிவிட்டன. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் ஓடினார். அவரைப் பற்றி நான் என்ன கேலி பேசினாலும், அந்த ஓட்டத்தைக் கேலி பேசமாட்டேன்.

குழந்தை மருத்துவர் நிறையப் பேசாத பெண்மணி. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார். நூலகர் கொடுத்தார், வாண்டு சப்பினாள், துப்பினாள், மறுபடி சப்பினாள். பத்தரை மணிக்குச் சிறுநீர் போனாள். இப்படி ஒரு நல்ல செய்தியை அந்தத் தம்பதி தங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. உயிர் வந்ததும் வாண்டு செய்த முதல் வேலை, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை உருவி மூலையைக் கடித்ததுதான்.

மருத்துவர் அதைப் பார்த்தார்.

"வீட்டுல வேற யாருக்காவது வயிறு சரியில்லையா?"

"இல்ல டாக்டர்" என்றார் காவலர்.

"இவருக்கு, டாக்டர்" என்றார் நூலகர். "ஆனா அது சூடாம். போன மூணு தடவையும் இவருக்குத்தான் முதல்ல சூடு வந்துச்சு. ரெண்டு நாள்ல பாப்பாவுக்கு வந்துச்சு."

"அந்த போன் எங்கெல்லாம் போகும்?"

"என்கூடதான் டாக்டர். எப்பவும்."

"எல்லா இடத்துக்குமா?"

நூலகர் தன் கைப்பேசியில் கூடத்துக் கேமராவின் பதிவைத் திறந்து மேசைமேல் வைத்தார். காவலர் தன் கையாலேயே நாற்காலி போட்டு ஏறிப் பொருத்திய அதே கேமரா. கழிவறைக் கதவு திறக்கிறது. காவலர் வருகிறார், கையில் கைப்பேசி. அதை இடுக்கிக்கொண்டு இரண்டு சொட்டு, ஒரு தேய். தொட்டியைத் தாண்டி நடக்கிறார். பாயில் உட்கார்ந்து கைப்பேசியைக் குழந்தையிடம் நீட்டுகிறார். குழந்தை கடிக்கிறது. ஒரே நாளில் ஐந்து முறை.

"சின்னக் குழந்தைன்னா வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை வரத்தான் செய்யும், பயப்படாதீங்க" என்றார் மருத்துவர். "ஆனா இது தபால் மாதிரி வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கிறது. இந்தக் குப்பி நிறையக் கிருமிக்கு நல்லதுதான். வயித்துக் கிருமி சிலது இதுல குளிச்சிட்டு எழுந்து போகும். சோப்பும் தண்ணியும் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

சொன்னார்கள் டாக்டர். சொன்னவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மாலை வாண்டு தூங்கினாள். காவலர் தலையைக் குனிந்துகொண்டு கட்டடக் குழுவுக்கு ஒரு செய்தி தட்டினார். நியாயமான மனிதர் அல்லவா? எழுதி மனைவியிடம் காட்டினார்: 'எங்கள் வீட்டுப் பிரச்சினைக்குக் காரணம் ஓர் உபகரணக் கோளாறு என்று விசாரணையில் தெரியவந்துள்ளது.'

பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு புதுச் சொல்! தொழிலாளி தப்பு செய்தால் கவனக்குறைவு. அதிகாரி தப்பு செய்தால் உபகரணக் கோளாறு. இந்த அகராதியை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. எப்படியோ எல்லா அதிகாரிகளும் படித்துவிடுகிறார்கள்.

"எந்த உபகரணம்?" என்று கேட்டார் நூலகர்.

"அது... பொதுவா..."

"நீங்க ஒழுங்கா எழுதுறீங்களா, இல்ல நான் வீடியோவைப் போடட்டுமா?"

காவலர் அழித்தார், எழுதினார். எழுதினார், அழித்தார். கடைசியில் போனது இது: 'கிருமியைக் கொண்டுவந்தது நான். சோப்புப் போட்டுக் கை கழுவாததும், கழிவறைக்குக் கொண்டுபோன போனைக் குழந்தையிடம் கொடுத்ததும் நான். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மேல் எந்தத் தவறும் இல்லை. நான் எழுதியது அநியாயம்.' அக்கா என்று அவர் எழுதியது அதுவே முதல் முறை. தரைத்தளத்திலிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. வேறு பதில் இல்லை. அத்தனை வீட்டிலும் அந்த நிமிடம் ஏதோ ஒரு கைப்பேசியைச் சோப்புத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் ஐயம். ஐயம்தான், யார் பெயரையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் நூலகர் போய்க் கூப்பிட்டார். அக்கா உடனே வந்துவிடவில்லை. தரைத்தளத்து வீட்டுக்காரர்களும் வந்து கூப்பிடட்டும் என்றார். கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் வந்தார். வாண்டு "க்கா" என்று கால்களைக் கட்டிக்கொண்டாள். அக்கா முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், பிறகு தூக்கினார். சமையலறைக்குப் போய்க் கீழ்த்தட்டிலிருந்த சிவப்புக் கோட்டு டம்ளரை எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கூடத்துக்குக் கொண்டுவந்து காவலர் முன்னால் வைத்தார்.

"சூடு இன்னும் இருக்கா சார்? குடிங்க. இனிமே இது உங்களுக்கு."

காவலர் குடித்தார். வேறென்ன செய்வார்? குடித்துவிட்டு, பழக்கத்தில், கழிவறைப் பக்கம் நடந்தார். கதவருகே அக்கா நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் வாண்டு. வணக்கம் இல்லை, வழிவிடல் இல்லை. உள்ளங்கையை நீட்டி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"போன்?"

காவலர் கொடுத்தார்.

இந்த வகையினர் இன்னும் பல வீடுகளில் வாழ்ந்துவருகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் சோப்பு இருக்கிறது, உங்களுக்குச் சூடுகூட வருவதில்லை. இருந்தாலும் எதற்கும் ஒருமுறை எழுந்துபோய் உங்கள் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக ஒரு டம்ளர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கதவைத் திறந்து வெளியே வரும்போது கையில் இந்தப் போனைக் கொண்டுவராதீர்கள். இவ்வளவு நேரம் எங்கே உட்கார்ந்து இதைப் படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.